சொல்லக்கூடாததும் சொல்லவேண்டியதும்



இந்த மாதப் பாடத்தை ஒரு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். இது நம் சபையிலுள்ள ஒரு சகோதரிக்கு நடந்தது. அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவில்லை. "எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது. எழுதுங்க பிரதர்" என்று அவர்களே சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. கணவர் வேலைக்கும் மகள் காலேஜுக்கும் போய்விட்டார்கள். தனியாயிருந்த சகோதரிக்கு ஒரு போன் வந்தது. "உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் வெளிநாட்டுக்குப் போயிருக்கு. அதுல போதைப்பொருள் இருந்திருக்கு. உங்க பேர்ல கேஸ் பதிவாயிருக்கு" என்றான் பேசினவன். சகோதரி நடுங்கிப்போனார்கள். ஏனென்றால், அவன் வாசித்துச் சொன்ன ஆதார் நம்பர் சரியாயிருந்தது. கணவர் பெயர் சரியாயிருந்தது. வீட்டு விலாசமும் சரியாயிருந்தது!

அடுத்த நிமிஷம் வீடியோ கால். போலீஸ் உடை போட்ட ஒருவன். பின்னால் சுவரில் முத்திரை, மேஜையில் தேசியக்கொடி. "போனைக் கட் பண்ணக்கூடாது. கதவைத் தாழ்ப்பாள் போடுங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா அவங்களையும் சேர்த்து உள்ளே வைப்போம்." இரண்டு மணி நேரம் மிரட்டின பிறகு, "உங்க பணம் நல்ல பணமான்னு சோதிக்கணும். நாங்க சொல்ற அக்கவுண்டுக்கு அனுப்புங்க, சாயங்காலம் திருப்பிப் போட்டுடுவோம்" என்றான்.

சகோதரி கைப்பைக்குள் போனை அணைக்காமல் வைத்துக்கொண்டே வங்கிக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை, "எதுக்கும்மா இவ்வளவு பணம்?" என்று கேட்டிருக்கிறாள். அவன் சொல்லிக்கொடுத்தபடியே, "சொந்தக்காரங்க வீடு வாங்குறாங்க" என்று சகோதரி பதில் சொன்னார்கள். மகளின் கல்யாணத்துக்கென்று பதினாறு வருஷமாய்ச் சீட்டுக் கட்டிச் சேர்த்த நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அன்று பிற்பகலில் போய்விட்டது.

ஆனால் என் மனதை அதிகமாய் உடைத்தது இதுவல்ல. அதற்குப் பிறகு நடந்ததுதான். பதினொரு நாள் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை! கணவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். உபவாசக் கூட்டத்தில், "ஒரு பணக் கஷ்டம், ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார்கள். கடைசியில் வயதான ஒரு தாயார் கையைப் பிடித்து, "என்ன மகளே, இப்படி மெலிஞ்சு போயிட்டே?" என்று கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. நாங்கள் சைபர் கிரைம் போலீஸாரிடம் அழைத்துப்போனோம். அங்கிருந்த அதிகாரி அன்போடுதான் பேசினார். ஆனாலும் அவர் சொன்ன ஒரு வார்த்தை என் காதிலேயே நிற்கிறது: "அன்னைக்கே சொல்லியிருந்தா கொஞ்சமாவது பிடிச்சு வெச்சிருக்கலாமே அம்மா!"

பிரியமானவர்களே, இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: இரகசியமாய் வைக்கவேண்டியதை நாம் வெளியே சொல்லிவிடுகிறோம், வெளியே சொல்லவேண்டியதை இரகசியமாய் வைத்துக்கொள்கிறோம். திருடன் பிழைப்பது இந்த இரண்டினால்தான். நாம் அறிந்த நான்கு வேதாகமச் சம்பவங்களை முன்வைத்து இதைப் படிப்போம்.

1. எசேக்கியா: எல்லாவற்றையும் காட்டினவன்

எசேக்கியா ராஜா வியாதியிலிருந்து எழுந்தபோது, பாபிலோனிலிருந்து நலம் விசாரிக்கத் தூதர்கள் வந்தார்கள். கையில் கடிதமும் காணிக்கையும் இருந்தது. ராஜாவுக்குச் சந்தோஷம்! வெள்ளி, பொன், நறுமணப் பொருள்கள், ஆயுதசாலை என்று ஒன்று விடாமல் திறந்து காட்டினான் (ஏசாயா 39). அவர்கள் அன்று எதையும் திருடவில்லை, பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் பார்த்ததெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குப் போகும் என்று தீர்க்கதரிசி எச்சரித்தார்.

இன்றைய திருட்டும் பார்ப்பதில்தான் ஆரம்பிக்கிறது. சகோதரியின் ஆதார் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? நாமே எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள். சிம் கார்டு வாங்கினபோது ஒரு ஜெராக்ஸ். லாட்ஜில் தங்கினபோது ஒரு ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தோமே, அந்தப் படத்தை அவர் அழித்தாரா என்று கேட்டோமா? குலுக்கல் பரிசு என்று துணிக்கடை வாசலில் பெயரும் பிறந்த தேதியும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டோம். மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த சந்தோஷத்தில் மார்க் ஷீட்டையே ஸ்டேட்டஸில் வைத்தோம். ஊருக்குப் போகும்போது டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டு, "வீட்டில் ஆள் இல்லை" என்று ஊருக்கே அறிவித்தோம்!

இவை தனித்தனியாய்ப் பார்த்தால் சின்னக் காரியங்கள். ஆனால் பெயர் ஒரு இடத்திலும், பிறந்த தேதி ஒரு இடத்திலும், போன் நம்பர் ஒரு இடத்திலும் எடுத்துச் சேர்த்தால், நம்மைப்போல வேஷம் போட ஒருவனுக்கு அது போதும்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை எங்கேயும் கொடுக்கவேண்டாம் என்று ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வழக்கமான ஜாக்கிரதையோடு பயன்படுத்தினால் போதும் என்றது. அந்த வழக்கமான ஜாக்கிரதை என்ன?

ஆதாரில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் எட்டை மறைத்து, கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் "மாஸ்க்டு ஆதார்" ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அது போதுமென்கிற இடத்தில் அதையே கொடுங்கள். ஜெராக்ஸ்தான் வேண்டுமென்றால், அதன்மேல் எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்றும், தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மேலும், நம் கைரேகையை வைத்தே பணம் எடுக்கும் வசதி நாட்டில் இருக்கிறது. பத்திரங்களில் பதிந்த ரேகையைப் படியெடுத்து ஏமாற்றின வழக்குகளும் வந்திருக்கின்றன. ஆகையால் கைரேகை, கண்விழி அடையாளங்களை ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

இங்கே சபையாகிய நம்மையும் சோதித்துப் பார்க்கவேண்டும். நம் ஜெபக் குழுவில் ஒரு சகோதரனுடைய ஸ்கேன் ரிப்போர்ட் முழுவதும், பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பரோடு வருகிறது. இருநூறு பேர் பார்க்கிறார்கள். அவர் மனைவியின் போன் நம்பரும் அதில் இருக்கிறது. அன்பினால்தான் அனுப்புகிறோம். ஆனால் அவரிடம் கேட்டோமா? "இன்ன சகோதரனின் சுகத்துக்காக" என்றால் ஜெபிக்கப் போதாதா? வாலிபர் முகாமுக்கு வந்த பிள்ளைகளின் பாரங்கள் வருஷக்கணக்காய் மேஜை மேல் கிடக்கின்றனவே!

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாய், அந்தரங்கம் ஒவ்வொரு மனிதனுக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் தனிமனிதத் தகவல்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமும் நிறைவேறியது. மற்றவர்களுடைய விவரம் நம் கையில் இருந்தால், அது நமக்குச் சொந்தமானதல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

2. ஈசாக்கு: சந்தேகம் வந்தும் நம்பினவன்

கண்பார்வை மங்கின ஈசாக்கு தன் மூத்த மகன் ஏசாவுக்காகக் காத்திருந்தான். வந்ததோ இளையவன் யாக்கோபு! கையில் ஆட்டுத்தோல், உடம்பில் அண்ணனுடைய வஸ்திரம் (ஆதியாகமம் 27). ஈசாக்கு உடனே ஏமாந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்று கேட்டான். கிட்ட வரச்சொல்லித் தடவிப் பார்த்தான். குரல் வேறாய் இருக்கிறதே என்று தெளிவாய் உணர்ந்தான். அப்படியிருந்தும், ஒரு ஆளை அனுப்பி, "ஏசா எங்கே இருக்கிறான், பார்த்து வா" என்று சொல்லவில்லை. அதுதான் குறை.

அன்றைக்குக் குரலாவது உண்மையைக் காட்டிக்கொடுத்தது. இன்றைக்குக் குரலும் காட்டிக்கொடுக்காது! செயற்கை நுண்ணறிவு என்கிற கம்ப்யூட்டர் தொழில்நுட்பத்தால், ஒருவருடைய சிறிய குரல் பதிவை வைத்தே அவர் பேசுவதுபோலப் பேசவைக்க முடிகிறது. நம் பிள்ளைகளின் குரல் எத்தனை வீடியோக்களில் கிடக்கிறது! ஊழியக்காரர்களுடைய குரலோ மணிக்கணக்காய் யூடியூபில் கிடக்கிறது. "அம்மா, ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு, இது பிரண்டோட நம்பர், உடனே இருபதாயிரம் அனுப்புங்க" என்று மகனின் குரலிலேயே அழுகை கேட்டால் எந்தத் தாய் நிதானிப்பாள்?

குரலைக்கூட நகலெடுக்கத் தேவையில்லை. பாஸ்டருடைய படத்தை எடுத்துப் புது நம்பரில் வைத்து, "கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அவசரம், இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று எழுதினால் போதும். மரியாதையினிமித்தம் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று திருடனுக்குத் தெரியும். ஆகையால் எழுத்தில் சொல்லுகிறோம்: பாஸ்டர் ஐயா பெயரில் பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும், அவருடைய பழைய நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டதற்காக அவர் சந்தோஷப்படுவார்.

வீட்டிலே ஒரு காரியம் செய்யுங்கள். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் குடும்பமாய் உட்கார்ந்து ஒரு இரகசிய வார்த்தையைத் தீர்மானியுங்கள். தாத்தா வளர்த்த மாட்டின் பெயராயிருக்கலாம், பழைய வீட்டு மரமாயிருக்கலாம். அவசரம் என்று யார் குரலில் போன் வந்தாலும், "அந்த வார்த்தையைச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் வைத்துவிடுங்கள்.

3. கிபியோனியர்: பழைய அப்பமும் கிழிந்த செருப்பும்

கிபியோன் ஊரார் யோசுவாவிடம் வந்தபோது தூரதேசத்து மனுஷர்போல வேஷம் போட்டார்கள். பூசணம் பிடித்த அப்பம், தைத்துப்போட்ட பழைய துருத்தி, தேய்ந்த செருப்பு என்று சாட்சிகளோடு வந்தார்கள் (யோசுவா 9). பார்த்தவர்கள் நம்பினார்கள், விசாரிக்காமல் உடன்படிக்கை பண்ணினார்கள். மூன்றே நாளில் உண்மை தெரிந்தது: அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்! மூன்று நாள் பொறுத்திருந்தால் ஏமாந்திருக்கமாட்டார்கள்.

சகோதரிக்குக் காட்டின போலீஸ் உடையும் முத்திரையும் இந்தப் பூசணம் பிடித்த அப்பம்தான். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாய் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீஸாரும், எந்த சிபிஐ அதிகாரியும், எந்த நீதிபதியும் வீடியோ காலில் ஒருவரைக் கைது செய்வதில்லை. பணத்தைச் சோதிக்க அனுப்பச் சொல்லுவதும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம்முடைய மாதாந்தர வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரித்த போலி உத்தரவைப் பார்த்து ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அவர்கள் முறையிட்டதால், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1 அன்று இப்படிப்பட்ட மோசடிகளை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது.

திருடனுக்கு எப்போதும் அவசரம். "ரெண்டு மணி நேரத்துல சிம் கட் ஆயிடும்", "இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட் பண்ணிடுவோம்", "உடனே கேஒய்சி அப்டேட் பண்ணாட்டி அக்கவுண்ட் முடங்கிடும்" என்று விரட்டுவான். உண்மையான காரியம் ஒரு மணி நேரம் பொறுத்தால் கெட்டுப்போகாது. பொய்யோ பொறுத்தால் வெளியே தெரிந்துவிடும். போனை வையுங்கள். பாஸ்புக்கிலும் ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலும் அச்சிட்டிருக்கிற நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கூகுளில் தேடி எடுத்த நம்பரை நம்பவேண்டாம், அங்கேயும் போலி நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கி இணையதளம் என்று ஒன்று வந்தால் அதன் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். வங்கிகளெல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் விலாசத்துக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

4. சிம்சோன்: நான்காம் முறை சொன்னவன்

தெலீலாள் சிம்சோனுடைய பெலத்தின் இரகசியத்தைக் கேட்டாள். பெலிஸ்தரின் அதிபதிகள் ஆளுக்கு ஆயிரத்து நூறு வெள்ளிக்காசு கூலி பேசியிருந்தார்கள் (நியாயாதிபதிகள் 16). அவன் மூன்று முறை வேறே வேறே சொன்னான். மூன்று முறையும், சொன்னபடியே அவனைக் கட்டி, பெலிஸ்தர் வந்துவிட்டார்கள் என்று அவள் கூப்பிட்டாள். அப்போதே புரிந்திருக்கவேண்டாமா? ஆனால் தினம் தினம் நச்சரித்ததில் நான்காம் முறை உண்மையைச் சொல்லிவிட்டான்!

நம் பெலன் ஒரு சில இலக்கங்களில் இருக்கிறது. போனுக்கு வரும் ஓடிபி, யுபிஐ பின் நம்பர், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கம், இவைதான் நம் வீட்டுச் சாவி. வங்கி மேனேஜர் கேட்டாலும் சொல்லக்கூடாது. உண்மையான மேனேஜர் கேட்கவும்மாட்டார்.

இப்போது நச்சரிக்கிற விதங்களைப் பாருங்கள்.

யுபிஐ: பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் போடுகிறோம். "நான் வாங்கிக்கிறேன். பணம் அனுப்புறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்களுக்குப் பணம் வந்துடும்" என்கிறான். பணம் கொடுக்கத்தான் பின் வேண்டும். பணம் வாங்கப் பின் வேண்டவே வேண்டாம். பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

வாட்ஸ்அப்: தெரிந்த சகோதரியின் நம்பரிலிருந்தே செய்தி வருகிறது: "அக்கா, தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திருக்கும், அனுப்புங்களேன்." அந்த இலக்கம் நம் வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறக்கிற சாவி. அனுப்பினவுடனே நம் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு நம் பெயரில் நம் உறவினர்களிடம் பணம் கேட்பான். அந்தச் சகோதரியும் இப்படித்தான் ஏற்கனவே மாட்டியிருப்பார்கள். இதைத் தடுக்க வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "டூ ஸ்டெப் வெரிபிகேஷன்" என்பதைத் திறந்து ஒரு தனிப் பின் வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

கல்யாணப் பத்திரிகை: தெரியாத நம்பரிலிருந்து, "எங்கள் வீட்டுத் திருமணத்துக்கு வாருங்கள்" என்று ஒரு பைல் வரும். பெயரின் கடைசியில் "ஏபிகே" என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல. போனுக்குள் குடியேறுகிற செயலி அது. குடியேறிவிட்டால், நாம் சொல்லாமலேயே நமக்கு வரும் ஓடிபியைப் படித்துக்கொள்ளும். டிராபிக் அபராதம், அரசு உதவித்தொகை என்கிற பெயர்களிலும் இது வருகிறது. தொடாதீர்கள்.

திரையைப் பகிர்வது: "உங்க பிரச்சினையைச் சரி பண்றேன், இந்த ஆப்பை இறக்குங்க" என்று சொல்லி நம் போன் திரையை அவன் பார்க்கும்படி செய்வான். பிறகு நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அவன் கண் முன்னால்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை: "தம்பி, உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் குடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால் அங்கேயே நிற்காதீர்கள். நம் சகோதரியின் பணம் போய்ச் சேர்ந்ததும் இப்படி வாடகைக்கு விட்ட ஒரு கணக்குக்குத்தான். நீ ஒரு பைசா திருடாவிட்டாலும், போலீஸார் தேடி வருவது உன் பெயரைத்தான். உன் பெயரில் வாங்கின சிம் கார்டை மற்றவர்களுக்குக் கொடுப்பதும் அப்படியே.

5. சொல்லவேண்டியதை உடனே சொல்லுங்கள்

இதுவரை சொல்லக்கூடாததைப் பார்த்தோம். இனி சொல்லவேண்டியது.

முதலாவது, மிரட்டல் போன் வரும்போதே சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்கிற வார்த்தை காதில் விழுந்த நிமிஷமே பேசுகிறவன் திருடன் என்று முடிவு பண்ணிவிடலாம். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போங்கள். கணவருக்கோ, மனைவிக்கோ, சபையில் ஒருவருக்கோ போன் செய்யுங்கள். நம் சகோதரி வங்கிக் கவுண்டரில் ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையே தடுத்திருப்பாள்.

இரண்டாவது, பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். இது இணையவழிப் பண மோசடிக்கென்று மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்படுத்திய உதவி எண். ஏன் அவசரம்? திருடின பணம் ஒரு கணக்கில் தங்காது. ஒன்றிலிருந்து ஐந்தாகவும் ஐந்திலிருந்து இருபதாகவும் பிரிந்து, ஏடிஎம் வழியாய் வெளியே போய்விடும். 1930-ல் புகார் பதிவானால் அது வங்கிகளுக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. வெளியே எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இல்லை. "சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்" என்ற இணையதளத்திலும் புகாரை எழுதலாம்.

மூன்றாவது, வங்கிக்குச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் ஒரு முக்கியமான காரியம் சொல்லப்பட்டது. வங்கிமேலும் நம்மேலும் தப்பில்லாமல் வெளியாளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர் மேல் இழப்பு விழாது. நாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியினுடையது. தப்பு நம் பேரில் இருந்தாலும் சீக்கிரம் சொல்லுகிறவனுக்கே லாபம் என்று பாருங்கள்!

நான்காவது, நம் பெயரை வேறே யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் "சஞ்சார் சாத்தி" என்ற இணையதளம் 2023-ல் தொடங்கப்பட்டது. நம் பெயரில் எத்தனை மொபைல் நம்பர்கள் ஓடுகின்றன என்று அதில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத நம்பர் இருந்தால் துண்டிக்கச் சொல்லலாம். காணாமற்போன போனையும் அதிலேயே முடக்கலாம். பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசமாய்ப் பயன்படுத்துகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆகவே, "ஐயோ, என் பேர்ல கேஸ் வந்துடுமோ" என்று ஏமாந்தவர்கள் பயப்படத் தேவையில்லை. குற்றவாளி நீங்கள் அல்ல!

கடைசியாக, கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சகோதரி ஏன் பதினொரு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்கள் சொன்னது: "போன மாசம் இன்னொருத்தர் ஏமாந்தப்போ நம்ம ஆளுங்க சிரிச்சாங்க பிரதர். அதான் பயந்தேன்." பிரியமானவர்களே, அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். "படிச்சவங்க இப்படியா ஏமாறுவாங்க?" என்று நானும் சொன்னேன். திருடன் ஒருநாள் மிரட்டினான். நம் சிரிப்போ பதினொரு நாள் அவர்கள் வாயை அடைத்தது. இனிமேல் யாராவது வந்து சொன்னால், "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்காதிருங்கள். "எப்போ நடந்தது? வா, முதல்ல 1930-க்குப் போன் போடலாம்" என்று சொல்லுங்கள்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. என் ஆதார் நகல் இப்போது யார் யாரிடம் இருக்கிறது?
2. நம் வீட்டு இரகசிய வார்த்தை என்ன? தாத்தா பாட்டிக்கும் அது தெரியுமா?
3. 1930 என்ற நம்பர் எல்லார் போனிலும் பதிந்திருக்கிறதா? சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா?
4. மற்றவர்களுடைய எந்த விவரத்தை நான் கேட்காமல் பிறருக்கு அனுப்பியிருக்கிறேன்?
5. ஏமாந்த ஒருவர் தைரியமாய் வந்து சொல்லக்கூடிய ஆளாய் நான் இருக்கிறேனா?

சகோதரியின் பணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு கணக்கில் நின்றிருந்த பதினெட்டாயிரம் ரூபாயை மாத்திரம் முடக்கியிருக்கிறார்கள். மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கணவர் ஒரு வார்த்தை கோபமாய்ச் சொல்லவில்லை என்று கண்ணீரோடு சொன்னார்கள். போன வாரம் பெண்கள் கூட்டத்தில் அவர்களே எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு தாய்மார்கள் ஓரமாய் வந்து, "எனக்கும் இப்படி ஒரு போன் வந்துச்சு, நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார்கள். அதில் ஒருவருக்கு அந்தப் போன் வந்தது முந்தின நாள்தான். மறுபடியும் கூப்பிடுவதாக அவன் சொல்லியிருந்தானாம். அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டபோது அந்தத் தாயாரோடு வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். போனை எடுத்தவர்கள் நம் சகோதரிதான்!